தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கும் மண்டகப்பட்டை வெளியூர்க்காரர்கள் தேடி வருவது பெரும்பாலும் ஒரு பாறைக்காகத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அதைக் குடைந்து கோயிலாக்கினான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமலே பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு மார்தட்டிக்கொள்கிறது. இப்போது கைபேசியைத் திறந்தால் கிட்டத்தட்ட அதே பெருமையைப் பேசும் விளம்பரங்கள் வருகின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிடம் வேண்டாம், டோக்கன் வேண்டாம், வீட்டிலிருந்தபடியே உங்கள் மனக்காயத்துக்கு முழுமையான சிகிச்சை என்கின்றன அவை. பல்லவனுக்குச் செங்கல்லும் மரமும் தேவைப்படவில்லை என்றால், அவனிடம் பாறை இருந்தது. திரை வழியாக மனநலச் சிகிச்சை பெறப்போகும் மண்டகப்பட்டுப் பெண்ணிடம் என்ன இருக்கிறது?

இந்த வகைச் சிகிச்சையில் தேர்ந்த ஆலோசகர் பேச்சைத் தொடங்கும்போது பிரச்சினையைப் பற்றிக் கேட்க மாட்டார். “இப்ப தனியா இருக்கீங்களாம்மா? நாம பேசறது யார் காதிலயாவது விழுமா?” என்றுதான் கேட்பார். சென்னையில் அடுக்ககத்துப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு இயர்போன் மாட்டிக்கொள்கிறவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். தொகுப்பு வீட்டில் வாழ்கிற பெண் என்ன சொல்வாள்? முன்பக்கம் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் மாமியார். கொல்லைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி துணி துவைத்துக்கொண்டிருப்பாள். வயல்பக்கம் நடந்தால், போனைக் காதில் வைத்துக்கொண்டு தனியாக எங்கே போகிறாள் என்று அன்று சாயங்காலமே பேச்சாகிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூவரிடம் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறது. நாட்டுச் சராசரியைவிட இது வெகு அதிகம். கைபேசி கிடைத்துவிட்டது. யார் காதிலும் விழாமல் பேசுவதற்கு நாலு சுவர்தான் கிடைக்கவில்லை.

ஆலோசகர் அப்படித் தொடங்கக் காரணம் உண்டு. மனக்காயத்தை உணர்ந்து தரும் சிகிச்சை என்பது புதிதாகக் கண்டுபிடித்த ஒரு மருந்தோ பயிற்சியோ இல்லை. சிகிச்சை தருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய ஒரு கட்டுப்பாடு. அமெரிக்க அரசின் மனநலத் துறை அமைப்பு 2014இல் இதற்கு ஆறு நெறிகளை வகுத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை, கூட்டுழைப்பு, தேர்ந்தெடுக்கும் உரிமை, பண்பாடும் வரலாறும் பாலினமும் ஏற்படுத்தும் காயங்களைக் கணக்கில் எடுப்பது. ஆறையும் பிழிந்தால் வருவது ஒன்றுதான்: அதிகாரம் சிகிச்சை பெறுகிறவர் கையில் இருக்க வேண்டும். வன்முறைக்கு உள்ளான ஒருவரிடமிருந்து முதலில் பறிபோனது அதுதான் என்பதால், அதைத் திருப்பித் தராமல் வேறு எதைத் தந்தாலும் பயனில்லை. மனக்காயம் பற்றி 1992இல் வெளிவந்த தன் நூலில் ஜூடித் ஹெர்மன் மீட்சியின் முதல் படியாகப் பாதுகாப்பைத்தான் வைத்தார். நடந்ததை நினைவுகூர்வதும் துக்கப்படுவதும் அதற்கு அடுத்த படி.

நம் ஊரில் மனநலத்தின் வரலாற்றை ஒரு கதவின் வரலாறாகவே எழுதிவிடலாம். அந்தக் கதவு எப்போதும் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து செத்தார்கள். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, உரிமம் இல்லாத காப்பகங்களை மூடச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. இருபத்தோரு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், மண்டகப்பட்டு இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். மனநலம் குன்றியவர்களும் ஆதரவற்றவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்துத் துன்புறுத்தினார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள், சேர்க்கப்பட்ட சிலர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இடையில் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்திருந்தது. சங்கிலியை அது வெளிப்படையாகவே தடைசெய்கிறது. சட்டம் வந்தும் வெளிப்பூட்டு திறக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் திரைவழிச் சிகிச்சை எனக்கு முக்கியமாகப் படுகிறது. போனை வைத்துவிடும் உரிமை பேசுகிறவர் கையில் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுக் குரலாக மட்டும் இருக்கலாம். ஒரு பித்தானில் வெளியேறலாம். எந்த ஆஸ்பத்திரியிலும், எந்தக் காப்பகத்திலும், ஏன், எந்தக் கோயில் மண்டபத்திலும் நம் மனநோயாளிகளுக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கும்? தெரியாமல் போகிறவர்கள் சினிமாவில் பார்த்ததை எதிர்பார்க்கிறார்கள்: கண்ணை மூடச் சொல்வார்கள், பழையதெல்லாம் கொட்டும், அழுது முடித்ததும் பாரம் இறங்கிவிடும். தேர்ந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். முதல் சந்திப்பில் பாதிக்குமேல் ஏற்பாடுகளிலேயே போய்விடும். நீங்கள் இந்த நேரத்தில் எந்த ஊரில், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஏதாவது ஆபத்து என்றால் யாரை அனுப்புவது என்று தெரிய வேண்டும். லைன் அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது, யாராவது திடீரென்று உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற என்ன சொல் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். “ரேஷன் கார்டு விஷயமாத்தான் பேசிட்டிருந்தோம்” என்பது போன்ற ஒரு வாக்கியம் போதும். நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது என்று சும்மா வாக்குக் கொடுக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் போகும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி சொல்லியாக வேண்டும். இந்த எல்லைகளை நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் கதையைக் கறப்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவரை நம்ப வேண்டாம்.

இன்னொரு பயம் ஊரில் பரவலாக இருக்கிறது: சாகத் தோன்றியது என்று சொன்னால் போலீஸ் கேஸாகிவிடுமோ? ஆகாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை.

அடுத்து வரும் சில வாரங்கள் உடம்போடுதான் வேலை. நெஞ்சு படபடக்கும்போது பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்ப்பது. இதற்கா காசு கொடுத்தோம் என்று சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் அலை எழும்போது நிற்கத் தெரிந்த பிறகுதான் நடந்த சம்பவத்தைத் தொட முடியும். தொட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. முழுக் கதையையும் சொல்லாமலே தூக்கமும் பசியும் திரும்பி, வேலைக்குப் போகத் தொடங்கி, அத்தோடு போதும் என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது அவர்கள் முடிவு. பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் ஒருநாள் அமர்வுகளை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிப் பல ஆண்டுகளாகின்றன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழையைக் கொட்டி, தென்பெண்ணை கரை புரண்டபோது, வீடிழந்தவர்கள் முன்னால் நீண்ட மைக்குகள் எத்தனை! “அந்த ராத்திரி எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்கள். அதைக் காயத்தைக் கிளறுவது என்றே நான் சொல்வேன்.

திரை வழியாகச் செய்தால் வேலைக்கு ஆகுமா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடமும் பெண்களிடமும் நடந்த ஆய்வுகளில், மனக்காயத்துக்கான பேச்சுச் சிகிச்சை காணொளி வழியே தந்தபோதும் நேரில் தந்ததற்குக் குறையாத பலன் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் முறைப்படியான பயிற்சி பெற்றவர்கள், அதே ஆளாக, வாரம் தவறாமல் பேசினார்கள். செயலியில் இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று வருவதற்கு அந்த முடிவுகளைச் சான்றாகக் காட்ட முடியாது.

‘முழுமையான’ என்ற அடைமொழிக்கு வருகிறேன். விளம்பரங்களில் இது நறுமண எண்ணெய், கல் மாலை, ஏதோ ஓர் அதிர்வெண் சங்கீதம் என்று திரிந்து கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தில் இதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? என் கணக்கில் அது ஹீமோகுளோபின் பரிசோதனையில் தொடங்கும். அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அசதி, படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாமை மூன்றும் ரத்தசோகையிலும் வரும், தைராய்டிலும் வரும், மனச்சோர்விலும் வரும். ரத்தம் பார்க்காமல் ‘உள்ளிருக்கும் குழந்தையை’த் தேடிக்கொண்டிருப்பது வீண். பிறகு குழுக்கடன்: வாரத்தவணை கட்ட முடியாமல் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும் வீட்டில் மூச்சுப்பயிற்சி எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும்? புருஷனின் குடி. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகளில் இன்று யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்காத ஆலோசகர் பாதி வேலையைத்தான் செய்கிறார். ஓய்வூதியம், மகளிர் உதவி எண் 181, சட்ட உதவி ஆகியவற்றோடு கோர்த்துவிடத் தெரிந்தவரே முழுமையான சிகிச்சையாளர்.

சடங்கும் நம்பிக்கையும் இதில் எங்கே வருகின்றன? யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த பதிலைத் தந்தவர். காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். மூச்சுப்பயிற்சி, ஜெபம், தியானம் என்று மக்கள் ஏற்கெனவே அறிந்த வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். மேற்கத்திய முறையை அவர் தூக்கி எறியவில்லை. செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் வாசலில் அமாவாசை ராத்திரி நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். தலைவிரித்து ஆடும் பெண்ணைப் பார்த்து நகரத்துக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். வருஷம் முழுக்க வாய் திறக்க முடியாத ஒருத்தி ஆயிரம் பேர் நடுவில் ஓங்கிக் கத்துவதற்கு அந்த ஒரு இடம்தான் அனுமதி தருகிறது. விடிந்து அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான் என்பதே என் கவலை. ஏர்வாடியில் தீ விபத்துக்குப் பிறகு தர்காவின் பிரார்த்தனையோடு அரசு மனநல மருத்துவர்களின் மருந்தும் சேர்ந்து கிடைக்க வழி செய்யப்பட்டது. நோயாளிகள் சாமியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை. அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் கூட்டம் சேரும் எல்லாக் கோயில்களுக்கும் இதை விரிக்கலாம்.

தூரத்திலிருந்து பேசுவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. உள்ளூர் ஆலோசகர், எவ்வளவு நல்லவரானாலும், ‘எந்தத் தெரு?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அப்புறம் யார் மகள், யார் மருமகள் என்பதும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அந்தத் தலைமுறைக்கு எந்தக் கவுன்சலிங்கும் கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. கிடைத்திருந்தாலும், அதே ஊர் அதிகாரியிடம், அதே ஊர் ஆஸ்பத்திரியில், மனம் திறந்து பேசியிருப்பார்களா? முகம் தெரியாத, தெரு தெரியாத, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு குரல் இங்கே நேரில் வருகிறவரைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அந்தக் குரலுக்குச் சாதி என்றால் என்னவென்று தெரிந்திருக்கவும் வேண்டும். ‘அதையெல்லாம் மனசில் வெச்சுக்காதீங்க’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், மறுமுனை நிரந்தரமாக மௌனமாகிவிடும்.

எல்லோருக்கும் திரை போதாது. அடிக்கிற கணவனோடு ஒரே வீட்டில் இருப்பவளின் போனை அவன் தினமும் எடுத்துப் பார்ப்பான்; அவளுக்கு முதலில் வேண்டியது ஒதுங்க ஓர் இடம். குரல் கேட்கிறது என்பவர்களுக்கும், இன்றிரவைத் தாண்டுவேனா என்று இருப்பவர்களுக்கும் நேரில் ஆள் வேண்டும், மருந்தும் வேண்டும். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு இதைச் சுனாமிக்குப் பிறகே அனுபவத்தில் உணர்ந்தது. 2010இல் அது புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் திரையும் கேமராவும் இருந்தன. மருத்துவர் சென்னையிலிருந்து பேசினார். மருந்து பேருந்திலேயே கிடைத்தது. வராமல் போனவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க உள்ளூர்ப் பணியாளர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டின் தொலைவழி மனநலத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் எண்ணம். இன்று செயலி நடத்துகிறவர்கள் அதில் திரையை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்தை விட்டுவிட்டார்கள்.

விலையைப் பார்ப்போம். தனியார் தளங்களில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது சாதாரணம். 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். பணம் கொடுக்க முடிந்தவர்களும் எதிரில் இருப்பவர் யாரென்று கேட்பதில்லை. மருத்துவர் என்றால் பதிவு எண் இருக்க வேண்டும். ஊரடங்கு தொடங்கிய அன்று, 2020 மார்ச் 25ஆம் தேதி, வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் அதைக் காட்டச் சொல்கின்றன. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு. இவை இரண்டும் இல்லாமல் வார இறுதிச் சான்றிதழோடு ‘ஹீலர்’, ‘கோச்’ என்று பலகை மாட்டுகிறவர்களைக் கேட்க ஆளில்லை. சொன்ன ரகசியம் எங்கே போகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. பின்லாந்தின் வஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் கோப்புகள் திருடுபோய், 2020இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு ‘பணம் தா, இல்லையென்றால் உன் பேச்சை வெளியிடுவேன்’ என்று மிரட்டல் போனது. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குத் தந்த புகாரில் 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே கிராமத்துக்குப் பொருந்துவது அரசின் இலவச எண்தான். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார்கள். காணொளி வழிப் பேச்சைத் தொடங்க முதலில் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அடித்தளம் இருக்கிறது. ஆனால் உதவி எண் என்பதன் இயல்பே அந்த நேரத்துக்கு அந்தக் குரல் என்பது. மனக்காயத்துக்கு ஒரே ஆள் பல மாதம் வேண்டும். முதல் அழைப்பை எடுத்தவரோ, அவர் கைகாட்டும் மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளரோ, வாரம் ஒரு நாள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அதே நபரைத் தொடர்ந்து அழைக்கும்படி பணி ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம், ஆள் வேண்டும்.

அப்புறம் அறை. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலோ, நூலகக் கட்டிடத்திலோ பத்துக்குப் பத்து அடியில் ஒன்று ஒதுக்குவது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. மின்விசிறி, நாற்காலி, சார்ஜர், நல்ல சிக்னல், உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே பேச்சு கேட்காத சுவர். யார் பார்த்தாலும் சந்தேகப்படாதபடி, பிரஷர் பார்க்கவும் சர்க்கரை மாத்திரை வாங்கவும் வருகிற அதே வாசலாக அது இருக்க வேண்டும். ‘மனநல ஆலோசனை அறை’ என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டினால் அன்றோடு ஒருவரும் வர மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் 2021 ஆகஸ்ட் முதல் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களையே ஆலோசகராக்கும் யோசனை அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களும் இதே ஊர், இதே தெரு. அவர்களிடம் சாவி இருந்தால் போதும். எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அறையைப் பயன்படுத்தியவர் பெயரை எழுதப் பதிவேடு வைக்கச் சொல்லி எந்த அதிகாரியாவது சுற்றறிக்கை அனுப்பினால் அதைக் கலெக்டரே கிழித்துப் போட வேண்டும். அறை எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது என்ற இரண்டு பத்திகள் போதும் அந்த நோட்டில்.